தண்ணீர் போகும் வழி பார்த்து வாசல் போடுவோம்

(சம்பளம் போட்ட வாரம், ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளைக் காம்பராவில் நடந்த குடும்பக் கூட்டத்தில் பேசியது)



போன முறை நாங்கள் இங்கே வந்து குடிதண்ணீரைப் பற்றிப் பேசினோம். கூட்டம் முடிந்து புறப்படும்போது ஓர் அம்மா எங்களைக் கூப்பிட்டு, "கொஞ்சம் எங்க வாசலையும் பார்த்துட்டுப் போங்க" என்றார். போய்ப் பார்த்தோம். வீட்டுக்கு முன்னால் கொங்கிறீட் போட்டு ஒரு வருசம்கூட ஆகவில்லை. நடுவே நீளமாக ஒரு வெடிப்பு. காலால் தேய்த்தால் மாவாக வருகிறது. அது போகட்டும் என்றால், பெய்கிற மழையெல்லாம் கானுக்குப் போகாமல் வாசற்படிக்குத்தான் வருகிறது. "முன்னே மண் வாசலா இருந்தப்போ சேறு மட்டும்தான். இப்போ தண்ணி உள்ளுக்கே வருது. ராத்திரி மழை பெஞ்சா பிள்ளைங்களை எழுப்பிப் பாயைச் சுருட்டணும்" என்று சொன்னார்.

அந்த வாசலுக்குப் போன காசு, வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் ஒரு பங்கு. நாற்பது வருசம் பேர் போட்டுச் சேர்ந்த காசு. வேலை செய்த பாஸ் முழுக் காசையும் முதலிலேயே வாங்கிவிட்டார். இப்போது போன் எடுத்தால் பதில் இல்லை.

அந்த அம்மா எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "நாங்க அதிகம் படிக்காதவங்க. பாஸ் செய்யிறது சரியா பிழையான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

நாங்கள் சொல்வது இதுதான். கொழுந்தைக் கையில் எடுத்த உடனே இளசா முத்தலா என்று சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள். தராசில் ஒரு கிலோ குறைந்தாலும் "ஏன் குறையுது?" என்று கேட்கிறவர்கள். கொங்கிறீட்டும் அப்படித்தான். அதற்கும் ஒரு அளவு இருக்கிறது, ஒரு பக்குவம் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். முக்கியமாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: தண்ணீர். கலக்கும்போது தண்ணீர் கூடக் கூடாது. போட்ட பிறகு தண்ணீர் குறையக் கூடாது. மழை வந்தால் தண்ணீர் போக வழி இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதிக்கு மேல் பிழை வராது.

முதலில் மேட்டைப் பாருங்கள்

வேலை தொடங்குவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். நம்முடைய வீடுகள் சமதரையில் இல்லை. பின்னால் மேடு, முன்னால் பள்ளம். மேலே இருந்து வருகிற தண்ணீர் எந்தப் பக்கமாக வருகிறது, எந்தக் கானில் விழுகிறது, அந்தக் கான் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். இதை வெயிலில் பார்த்துப் பயனில்லை. நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

லயத்துக் காம்பராவில் இருப்பவர்கள் வாசலைக் கூட்டி எடுப்பதற்கும், மேட்டை வெட்டுவதற்கும் முதலில் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து அனுமதி எடுங்கள். ஏழு பேர்ச் காணி கிடைத்துத் தனி வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காணி நம்முடையது என்று நினைத்த மாதிரி பின் மேட்டைச் செங்குத்தாக வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதியில் மண் சரிவு ஆபத்தைப் பார்த்துச் சொல்வதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிராம சேவகர் மூலமாகவும் பிரதேச செயலகம் மூலமாகவும் விசாரிக்கலாம்.

இடுப்புக்கு மேலே உயர்கிற தடுப்பு மதில், தலைக்கு மேலே போடுகிற பிளேட், தண்ணீர்த் தாங்கி வைக்கிற தட்டு, இந்த மூன்றையும் பாஸ் சொல்கிற கணக்கில் மட்டும் செய்ய விடாதீர்கள். எத்தனை கம்பி, என்ன தடிப்பு என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வாசல், கான், நடைபாதை, படி போன்றவற்றை நல்ல மேசன் ஒருவர் செய்யலாம். இன்று நாம் பேசுவது அந்த வேலைகளைப் பற்றி.

பாஸைப் பிடிப்பது எப்படி?

நன்றாகப் பேசுகிறவர் எல்லோரும் நன்றாக வேலை செய்வார் என்று இல்லை. "கடைசியா எங்கே வேலை செஞ்சீங்க? இரண்டு மழைக்காலம் கண்ட வேலை ஒண்ணைக் காட்டுங்க" என்று கேளுங்கள். நேற்றுப் போட்டது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பழைய வேலையில் போய் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிறதா, ஓடுகிறதா? ஒரு காசை எடுத்துச் சுரண்டுங்கள். மாவாக வருகிறதா? அந்த வீட்டுக்காரரிடம் "சொன்ன நாளில் முடிச்சாரா, மேலே காசு கேட்டாரா?" என்று விசாரியுங்கள். ஆளைப் பற்றி ஊர் சொல்வதைவிட வேலை சொல்வது மேல்.

அடுத்தது பேச்சு. வேலை கொடுப்பதில் மூன்று விதம் உண்டு. ஒன்று நாட்கூலி. இரண்டாவது, பொருளை நாம் வாங்கிக் கொடுத்து, வேலைக்கு மட்டும் கொந்தராத்து. மூன்றாவது, பொருளோடு முழுக் கொந்தராத்து. நாட்கூலியில் வேலை இழுபடும். முழுக் கொந்தராத்தில் சீமெந்து குறையும். சின்ன வேலைக்கு நடுவில் உள்ளது நல்லது. பொருளை நாமே வாங்கினால் பில் நம் கையில் இருக்கும்.

எது என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய உறுதிப் பத்திரம் தேவையில்லை. பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் போதும். பிள்ளையே எழுதட்டும். நீளம், அகலம், தடிப்பு, கலவை அளவு, எத்தனை மூட்டை சீமெந்து, சரிவு எந்தப் பக்கம், என்றைக்குத் தொடக்கம், என்றைக்கு முடிவு, மொத்தக் காசு, எந்தெந்த நேரத்தில் எவ்வளவு. அடியில் பாஸின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். நம்முடைய கையொப்பம். சாட்சிக்கு ஒருவர். வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிற தோட்டத்தில் சங்கத்துக்காரர் ஒருவரைச் சாட்சியாக வைக்கலாம். இரண்டு பிரதி. "என்ன அக்கா, என்னை நம்பலையா?" என்று பாஸ் கேட்பார். "நம்பித்தான் தம்பி வேலையைக் கொடுக்கிறோம். நாளைக்கு உங்களுக்கும் எங்களுக்கும் மனக்கசப்பு வரக்கூடாதுன்னுதான் எழுதறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

காசு விசயத்தில் கூச்சப்படாதீர்கள். வேலை நடக்க நடக்கத்தான் காசு நடக்க வேண்டும். தரை இடித்துப் பலகை அடித்து முடிந்ததும் ஒரு பங்கு. கொங்கிறீட் போட்டு முடிந்ததும் பெரிய பங்கு. ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்து, நாலு கிழமை போய் ஒரு மழையும் பெய்த பிறகு கொடுங்கள். இதையும் அந்தத் தாளில் எழுதிவிட வேண்டும். கொடுக்கிற ஒவ்வொரு முறையும் திகதி போட்டு ஒரு கையொப்பம்.

பெட்டிதான் நம்ம தராசு

வாசலுக்கு நாலு இஞ்சித் தடிப்பு நல்லது. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி வந்து நிற்கிற இடத்துக்கு அதற்குக் குறையவே கூடாது. கால்நடை மட்டும் என்றால் மூன்று இஞ்சி போதும். பலகை அடித்ததும் அடி மட்டத்தை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். ஓரத்தில் நாலு இஞ்சி இருக்கும், நடுவில் மண் மேடாக இருந்து இரண்டு இஞ்சிதான் இருக்கும். பலகைக்குப் பலகை ஒரு நூலைக் கட்டி, நடுவிலும் அளக்க வேண்டும்.

கலவை, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, முக்கால் இஞ்சிக் கருங்கல் சல்லி நாலு. இதைச் சவலால் அள்ளிப் போட்டால் அளவு வராது. சீமெந்தைச் சவலில் தட்டையாக அள்ளுவார்கள், மணலைக் குவித்து அள்ளுவார்கள். அதனால் ஒரு மரப்பெட்டி செய்துகொள்ளுங்கள். உள்ளளவு நீளம் 15 இஞ்சி, அகலம் 12 இஞ்சி, உயரம் 12 இஞ்சி. ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை ஒன்று இந்தப் பெட்டி ஒன்றுக்குச் சமம். ஆகவே மூட்டை ஒன்றுக்கு மணல் இரண்டு பெட்டி, சல்லி நாலு பெட்டி. எண்ணிப் பார்க்க ஒரு பிள்ளையே போதும்.

இனி மூட்டைக் கணக்கு. வாசல் 12 அடி நீளம், 10 அடி அகலம், நாலு இஞ்சித் தடிப்பு என்று வையுங்கள். பன்னிரண்டைப் பத்தால் பெருக்கினால் 120. நாலு இஞ்சி என்பது அடியில் மூன்றில் ஒன்று. ஆகவே 40 கன அடி. இந்தக் கலவையில் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய ஐந்தரை கன அடி கொங்கிறீட் வரும். எட்டு மூட்டை வேண்டும். மணல் ஏறக்குறைய 20 கன அடி, சல்லி 40 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. அப்படியென்றால் மணல் கியூபில் ஐந்தில் ஒன்று, சல்லி அதைப் போல இரண்டு மடங்கு. "ஒரு கியூப் மணல் எடுங்க" என்று யாராவது சொன்னால், மீதி மணல் எங்கே போகும் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் வெறும் சீமெந்துப் பைகளை எண்ணுங்கள். எட்டு இருக்க வேண்டும்.

சீமெந்துப் பையில் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 107 இலக்கம் சாதாரண போட்லன்ட் சீமெந்து. 1247 கலப்புச் சீமெந்து. இரண்டும் கொங்கிறீட்டுக்கு ஆகும். 515 இலக்கம் உள்ளது கல் கட்டவும் பூசவும் உள்ள சீமெந்து. அதைக் கொங்கிறீட்டுக்குப் போடக் கூடாது. நம்முடைய குளிரிலும் பனியிலும் சீமெந்து சீக்கிரம் கட்டிபிடிக்கும். நிலத்தில் வைக்காமல், சுவரோடு சாய்க்காமல், பலகை போட்டு அடுக்குங்கள். விரலால் நசுக்கினால் உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

மணலைக் கையில் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். கையில் சேறு ஒட்டினால் மண் கலந்த மணல். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் பாதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து மேலே தடிப்பாகச் சேறு படிந்தால் கழுவிப் பாவிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்போது தண்ணீர். மூட்டை ஒன்றுக்கு 25 லீற்றர், அதாவது பத்து லீற்றர் வாளியால் இரண்டரை வாளி. மணல் நனைந்திருந்தால் இன்னும் குறைய வேண்டும். தண்ணீர் கூடினால் கலவை கஞ்சி மாதிரி ஓடும், பரப்புவதற்குச் சுகமாக இருக்கும். அதனால்தான் பாஸ்மார் "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பார்கள். அந்தக் கூடுதல் தண்ணீர் காய்ந்து போகும்போது உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகளை விட்டுவிட்டுப் போகும். அந்த அம்மாவின் வாசல் மாவாக உதிர்வதற்கு இதுதான் பெரிய காரணம். கலவையை ஒரு பிடி பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் வழியே வடியக் கூடாது. கலந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இறுகிப்போன கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைக்க விடாதீர்கள்.

இன்னொன்று. சீமெந்து தோலை அரிக்கும். வெறுங்காலோடு கலவையில் நிற்காதீர்கள். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

போடும் நாளும் போட்ட பின்னும்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்கு நல்லவை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆனி, ஆடியில் மழை குறைவு. ஆனால் அங்கே கச்சான் காற்று வீசும். அந்தக் காற்று புதுக் கொங்கிறீட்டின் மேல்தோலை உலர்த்தி, அன்றைக்கே மயிர் வெடிப்பை உண்டாக்கும். காலையிலேயே போட்டு முடித்து, உடனே மூடிவிட வேண்டும்.

சரிவு, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, அடிக்குக் கால் இஞ்சி. 10 அடிக்கு இரண்டரை இஞ்சி. கண்ணால் பார்த்துச் சொல்லாமல் தண்ணீர்க் குழாய் மட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொங்கிறீட் போடுவதற்கு முன்பே பலகையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். போட்ட பிறகு சண்டை பிடித்துப் பலனில்லை.

பெரிய வாசலை ஒரே தட்டாகப் போடாமல் எட்டு, பத்து அடிக்கு ஒரு வெட்டு விடச் சொல்லுங்கள். ஒரு இஞ்சி ஆழம் போதும். கொங்கிறீட் காயும்போது சுருங்கும். நாம் வெட்டு விட்டால் அந்த வெட்டில் வெடிக்கும். விடாவிட்டால் அது நினைத்த இடத்தில் வெடிக்கும். மேலே கண்ணாடி மாதிரி வழுக்க வழுக்கத் தேய்க்க வேண்டாம். மூடுபனியில் வயசான ஆட்களும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் நடக்கிற இடம் அது. ஈர்க்குமாறால் லேசாக ஒரு கீறல் இழுத்தால் கால் பிடிக்கும்.

இனி நாங்கள் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பொரு முறை ஒரு பிள்ளைக் காம்பராவின் முன்னால் நாங்களே நின்று கொங்கிறீட் போடுவித்தோம். சீமெந்தும் சரி, சல்லியும் சரி. போட்டு முடித்து, படம் எடுத்து, வீட்டுக்குப் போய்விட்டோம். யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நாலு நாள் நல்ல வெயில். ஆறு மாதத்தில் மேலே செதில் செதிலாக எழும்பிவிட்டது. பிள்ளைகள் தவழ்கிற இடம். திரும்பப் போட வேண்டி வந்தது. அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறவர் பெயர் எழுதாமல் நாங்கள் ஒரு வேலையும் தொடங்குவதில்லை.

கொங்கிறீட் காய்ந்து பலமாவதில்லை, நனைந்துதான் பலமாகிறது. போட்ட மறுநாளிலிருந்து ஏழு நாளாவது ஈரம் காயக் கூடாது. நுவரெலியா மாதிரிக் குளிர் இடங்களில் பத்து நாள். பழைய சாக்கை நனைத்து விரித்து, காலை, மத்தியானம், சாயந்தரம் தண்ணீர் தெளியுங்கள். மலைக்குப் போகிற அம்மா காலையில் ஊற்றட்டும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பின்னேரம் ஊற்றட்டும். இதற்குக் காசு செலவில்லை. பாஸ் வர வேண்டியதும் இல்லை. முழுப் பலம் வர 28 நாள் ஆகும். அதுவரை பாரமான வண்டியை ஏற்றாதீர்கள்.

பிறகு பராமரிப்பு

போட்டாயிற்று என்று விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்துக்கு முன் கானைத் துப்புரவு செய்யுங்கள். பாசியைத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுங்கள். வாசலில் நேராக விறகு பிளக்காதீர்கள், கட்டை ஒன்றை வைத்துப் பிளவுங்கள். கொங்கிறீட்டின் மேல் நெருப்பு மூட்டினால் அது படீரென்று தெறிக்கும்.

வெடிப்பு கண்டால் பயப்பட வேண்டாம், ஆனால் கவனிக்க வேண்டும். வெடிப்பின் இரண்டு முனையிலும் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். இரண்டு மாதம் போய் அப்படியே நின்றால், உளியால் கொஞ்சம் விரித்து, தூசியைக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே சீமெந்துப் பால் தடவி, ஒன்றுக்கு மூன்று சாந்தால் அடைக்கலாம். காய்ந்த வெடிப்பின் மேல் சும்மா பூசினால் அடுத்த மழையில் கழன்று வரும். பிளேட்டில் துரு நிறத்தில் கறை வந்து சாந்து பெயர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. மேலே பூசி மறைக்காமல் தெரிந்த ஒருவருக்குக் காட்டுங்கள்.

தடுப்பு மதிலில் குழாய் வைத்த துளைகள் இருக்கும். அசிங்கமாகத் தண்ணீர் வடிகிறது என்று அவற்றைச் சீமெந்தால் அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மதிலுக்குப் பின்னால் நிற்கிற தண்ணீர் வெளியே வர அதுதான் வழி. அடைத்தால் ஒரு பெருமழையில் மதிலையே தள்ளிக்கொண்டு வரும்.

வீட்டுக்கு மேலே போகிற கான் உடைந்திருந்தால் அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். உடைந்த கானில் போகிற தண்ணீர் முழுவதும் மலைக்குள் இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் மலையகம் பட்ட பாட்டையும் கண்ணால் கண்டோம். வாசலும் மதிலும் சரிகிற மலையை நிறுத்தாது என்பதை நாங்கள் மறைக்காமல் சொல்கிறோம். மேட்டில் புதிதாகப் பிளவு தெரிந்தால், மரம் சாய்ந்தால், இல்லாத இடத்தில் ஊற்று வந்தால், சேறு கலந்த தண்ணீர் வந்தால், வாசல் வெடிப்பு நாளுக்கு நாள் விரிந்தால், சீமெந்து தேடிப் போகாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். 117 இலக்கம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடையது. வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசியாக அந்த அம்மாவின் வாசல். எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பப் போட அவரிடம் காசு இல்லை. வாசற்படிக்கு முன்னால் ஒன்பது இஞ்சி அகலத்துக்கு மட்டும் வெட்டி எடுத்து, குறுக்கே ஒரு சின்னக் கானைப் போட்டு, பக்கத்துப் பெரிய கானோடு சேர்க்கலாம் என்று நாங்கள் சொன்னோம். லயத்துத் தம்பிமார் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மூட்டை சீமெந்து வாங்கி அதிலும் மீதி இருந்தது. பெட்டியால் அளந்தார்கள். அந்த அம்மாவே ஏழு நாளும் சாக்கு நனைத்தார். வாசலில் வெடிப்பு இன்னும் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வருவதில்லை.

அந்த மரப்பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இது பிள்ளைக் காம்பராவிலேயே இருக்கட்டும். யார் வீட்டில் வேலை என்றாலும் எடுத்துக்கொண்டு போங்கள், கழுவிக் கொண்டுவந்து வையுங்கள்.